தண்ணியைச் சுத்திப் போட்ட கோடு

சார், ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு இந்த ரோடு பழக்கம். நாப்பது வளைவும் வயித்துக்கு அத்துப்படி. புது ஆளுங்களுக்குத்தான் பாதி மலை இறங்குறதுக்குள்ள குடல் வாய்க்கு வந்துரும். எலுமிச்சம்பழம் வெச்சிருக்கேன், வேணும்னா மோந்துக்கங்க.

பையில விசில் தொங்குதே, ரெப்ரியா சார்? பி.டி. வாத்தியாரா? ரெண்டும்தானா! நல்லதாப் போச்சு. அப்ப உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கலாம். ஒரு கிரவுண்டு. ஒருத்தன் சுண்ணாம்புல கோடு போட்டிருக்கான். ஒரே ஒரு இடத்துல கோடு சரியில்ல. பந்து சொல்லிவெச்ச மாதிரி அங்க போகுது. லைன் ரெப்ரி கோட்டைப் பாத்துக் கொடி தூக்குறாரு. இப்ப தப்பு யாரு மேல சார்?

கோடு போட்டவன் மேலயா. பட்டுனு சொல்லிட்டீங்களே. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க சார், அவன் நிலைமைன்னு ஒண்ணு இருக்குல்ல. மழை வேற. அவசரம் வேற. சரி, மறைச்சு என்ன ஆகப்போகுது, நான்தான் அவன். பேரு உத்திரியம். வால்பாறைக்கு மேல ஒரு எஸ்டேட்ல தோட்ட வேலை. புதுச்செடி நடும்போது வரிசைக்குக் கயிறு புடிக்கிறவன். நான் கயிறு புடிச்சா செடி நூல் புடிச்ச மாதிரி நிக்கும். பெருமைக்குச் சொல்லல, நீங்க யாரை வேணா கேளுங்க.

அதோ முன்னால பாருங்க, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு. வெள்ளைச் சட்டை, கழுத்துல மப்ளர். அவருதான் அந்த லைன் ரெப்ரி. தவசியப்பன். பக்கத்துல அவரு சம்சாரம், பேச்சி மதினி. எங்க வீட்டுக்கும் அவங்க வீட்டுக்கும் நடுவுல ஒத்தைச் சுவருதான், இந்தப் பக்கம் தும்மினா அந்தப் பக்கம் நூறுன்னு சத்தம் வரும். ரெண்டு பேரையும் கோயம்புத்தூர் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நான்தான் கூட்டிட்டுப் போறேன், எஸ்டேட்ல வேற ஒருத்தன் வரல. அதை நீங்க மனசுல வெச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேக்கணும்.

வருசா வருசம் மே தினத்துக்கு எங்க எஸ்டேட்ல கோப்பை. டிவிஷனுக்கு ஒரு டீம். எங்க மேல் டிவிஷன் கோப்பையைத் தொட்டுப் பதினோரு வருசம் ஆச்சு. எங்க மலையில ஒரு முறை உண்டு சார், கீழ்நாட்டுல இருக்கான்னு எனக்குத் தெரியாது. விளையாடுற ரெண்டு டீமும் ஆளுக்கொரு லைன் ரெப்ரி தரணும். நம்ம ஆளு எந்தப் பக்கம் நிப்பாருன்னா, நம்ம டீம் கோல் அடிக்கப் போற பக்கம்தான் நிப்பாரு. அப்ப அவரு கொடி தூக்கினா யாருக்கு எதிராத் தூக்குவாரு? நமக்கு எதிராத்தான். சொந்த ஆளே சொந்த ஆளுக்குத் தூக்கும்போது அடுத்தவன்கூடச் சண்டைக்குப் போக முடியாதுல்ல. முன்னாடி ஒரு தடவை மண்டை உடைஞ்சு, அப்புறம் பெரியவங்க கூடி வெச்ச முறை.

இதுல ஒரே கஷ்டம் என்னன்னா, அந்த வேலைக்கு ஆளு கிடைக்காது. எவன் சொந்தக்காரன்கிட்டத் திட்டு வாங்குவான்? தவசியண்ணன் பதினாலு வருசம் வாங்கினாரு. மதினி பழைய சிவப்பு ரவிக்கைத் துணியில அவருக்குக் கொடி தச்சுக் குடுத்திருந்துச்சு. இங்கிலீஷ் சட்டப் புத்தகத்தை டீச்சர்கிட்டக் குடுத்து, வரி வரியாச் சொல்லச் சொல்லி, நோட்டுல தமிழ்ல எழுதி வெச்சிருந்தாரு. தங்கச்சி மகன் அடிச்ச கோலுக்கே ஆப்சைடுன்னு தூக்கின மனுசன். திட்டுவாங்க, ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க, அப்புறம் சரியாயிரும். ஏன்னா அவரு கண்ணு மேல யாருக்கும் சந்தேகம் கிடையாது. எஸ்டேட் ஸ்கூல் வேன் ஓட்டுறாரு சார். பனியில ரோட்டுல காட்டுமாடு நிக்கிறது நமக்குத் தெரியுறதுக்கு முன்னாலயே அவரு வண்டிய நிறுத்திருப்பாரு. என் மக ரோஸ்லின் அந்த வேன்லதான் போவா.

இந்த வருசம் நாங்க பைனல். எதிர்ல ஆத்து டிவிஷன். முதல் பாதி ஒண்ணுக்கு ஒண்ணு. அவங்களுக்குக் கிடைச்சது பெனால்டி, அதுவும் சொத்தைப் பெனால்டி. பந்து கையில படல சார், தோள்ல பட்டுச்சு. நான் பாத்தேன். தோள்பட்டைக்கும் கைக்கும் நடுவுல... சரி விடுங்க. இடைவேளைக்கு விசில் ஊதவும் மழை புடிச்சுருச்சு. பத்து நிமிசம்தான், ஆனா அடிச்சு ஊத்திருச்சு. எல்லாரும் மொய்து டீக்கடைத் தகரத்துக்குள்ள ஓடினோம். அங்க இதே பெனால்டி பேச்சுத்தான். கைன்னு ஒருத்தன், தோள்னு பத்துப் பேரு. நான் விடுவேனா? மொய்துவோட டீ கிளாஸை எடுத்துப் பந்தா வெச்சு, என் தோளை வளைச்சு வளைச்சுக் காட்டிக்கிட்டிருந்தேன். என் வேலை என்னன்னு அந்த நேரத்துல மறந்தே போச்சு.

மழையில அழிஞ்ச கோட்டைத் திரும்பப் போடணும், அதான் என் வேலை. முளையடிச்சு, கயிறு இழுத்துக் கட்டி, ஆணியால துளை போட்ட பெயிண்ட் டப்பாவுல சுண்ணாம்புப் பொடியை அள்ளி, தட்டித் தட்டிக்கிட்டே நடக்கணும். எங்க பக்கத்து ஆளு ஒருத்தன் வந்து, “உத்திரியண்ணே, டீம் எறங்கிருச்சு, கோடு எங்க?”ங்கிறான். ஓடினேன். கயிறு எங்கயோ கிடக்கு. சுத்துக் கோட்டைக் கண்ணு மதிப்புலயே போட்டேன். நல்லாத்தான் வந்துச்சு. கடைசியா, நாங்க கோல் அடிக்க வேண்டிய பக்கம், கோல் கம்பத்துலருந்து கார்னருக்குப் போற கோடு. அங்க கார்னர் கிட்ட ஒரு குட்டை நிக்குது. ஒரு பாய் விரிச்ச அளவுக்குத் தண்ணி. ரெப்ரி விசிலை வாயில வெச்சுட்டாரு. தண்ணிக்குள்ள சுண்ணாம்பு நிக்குமா சார்? நிக்காது, கரைஞ்சுரும். அதனால தண்ணியைச் சுத்திப் போட்டேன்.

உள்பக்கமாத்தான் சுத்தினேன். வெளிப்பக்கம் சேறு, கால் வைக்க முடியல. முழம்கூட இருக்காது. சரி, ஒரு முழம் இருக்கும்.

எழுபதாவது நிமிசம், வலது ஓரமா எங்க பையன் செல்வின் பந்தை விரட்டிட்டு ஓடுறான். பந்து நேரா அந்தக் குட்டையில போய்த் தொப்புனு நின்னுருச்சு. மிதக்குது. செல்வின் வழுக்கிக்கிட்டே போய்க் காலால கொக்கி போட்டு ஒரு தூக்குத் தூக்கினான். அருள்தாஸ், எங்க கேப்டன், தலையால ஒரு முட்டு. கோல்! நான் டப்பாவைத் தூக்கி எறிஞ்சுட்டேன் சார், சுண்ணாம்பெல்லாம் தலையில. பதினோரு வருசம்! பொம்பளைங்க குலவை போடுறாங்க. அப்புறம் ஒவ்வொருத்தராச் சத்தம் குறையுது. பாத்தா, கார்னர்ல தவசியண்ணன் சிவப்புக் கொடியைத் தூக்கிட்டு நிக்கிறாரு. பந்து கோட்டைத் தாண்டிருச்சாம்.

அவரு சொன்னது நியாயம்தானே? சுண்ணாம்பு குட்டைக்கு உள்பக்கம். பந்து குட்டையில. அவரு சுண்ணாம்பைப் பாத்தாரு. எங்க ஆளுங்க கம்பத்தையும் கார்னர் கொடியையும் பாத்தாங்க. கம்பத்துலருந்து கொடிக்கு மனசுல ஒரு கோடு போட்டுப் பாத்தா பந்து உள்ளதான். ரெண்டும் நிஜம் சார். நடுவுல இருந்த முழம்தான் நான்.

கோல் இல்லன்னு ஆச்சு. டை பிரேக்கர்ல தோத்தோம். கூட்டம் முழுக்க நடு ரெப்ரியைச் சுத்தி நெருக்குது. நான் கார்னருக்குப் போனேன். போகணும்னு நினைச்சுப் போகல, காலு போச்சு. அந்த வளைஞ்ச இடத்தைச் செருப்பால தேய்ச்சேன். நாலு இழுப்பு. சேத்தோட சேறாப் போச்சு.

சாயந்தரம் மொய்து கடையில பஞ்சாயத்து. பெஞ்சு மேல ரெண்டு பிஸ்கட் பாக்கெட்டைக் கம்பமா வெச்சு, பீடிக்கட்டைக் கொடியா வெச்சு, அரை மணி நேரம். ஒருத்தன் செல்போன்ல படம் புடிச்சிருந்தான், போட்டுப் பாத்தா கண்ணாடியில மழைத்துளி விழுந்து மூணு பந்து தெரியுது. எந்தப் பந்து உள்ள, எந்தப் பந்து வெளியன்னு அதுக்கு ஒரு தனிச் சண்டை. ஆத்து டிவிஷன்காரன் ஏதோ குடுத்துட்டான், இவரு வாங்கிட்டாருன்னு ஒரு குரல். தவசியண்ணன் நடுவுல நிக்கிறாரு. கோபமே இல்ல சார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, “பந்து முழுசாக் கோட்டைத் தாண்டினா வெளிய. நான் கோட்டைத்தானப்பா பாக்கணும்?”ங்கிறாரு. அருள்தாஸ் கேட்டான், “கோடு எங்கய்யா இருந்துச்சு?”

அப்ப அண்ணன் என்னைத் திரும்பிப் பாத்தாரு. “உத்திரியம், நீ சொல்லு. அந்த இடத்துல கோடு கொஞ்சம் உள்ள வந்த மாதிரி எனக்குத் தெரிஞ்சுச்சு. நேராத்தான் போட்டியா?”

எல்லாரும் என்னைப் பாக்குறாங்க. மொய்து டீ ஆத்துறதை நிறுத்திட்டான். நான் என்ன சார் பண்ணுவேன்? முப்பது பேரு, தோத்த கோபம். பெனால்டி பேசிக்கிட்டு வேலையை விட்டவன்னு தெரிஞ்சா என்னை அங்கயே மிதிச்சிருப்பாங்க. அதுவும் இல்ல, நிஜத்தைச் சொல்றேன், அடிக்குப் பயந்து மட்டும் இல்ல. உத்திரியம் கோடு வளைஞ்சுச்சுன்னு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுன்னு நினைச்சேன். “நேராத்தாண்ணே போட்டேன்”னேன். அவ்வளவுதான், மூணே வார்த்தை. இல்ல, ரெண்டுதான்.

அவரு கையில இருந்த கொடியை எவனோ புடுங்கி அடுப்புல போட்டான். மொய்து தண்ணி ஊத்தி அணைச்சான், ஆனா அதுக்குள்ள கருகிருச்சு.

இதோட விட்டிருந்தா நான் இப்படிப் புலம்பிக்கிட்டு வர மாட்டேன். மறுநாள் காலையில சுவருக்கு அந்தப் பக்கம் மதினிகிட்ட அவரு சொல்றாரு, “ஒரு எட்டு கிரவுண்டுக்குப் போய்க் கோட்டைப் பாத்துட்டு வர்றேன் புள்ள.” மதினி, காப்பி குடிச்சுட்டுப் போங்கன்னுச்சு. அவரு காப்பி குடிக்கிற நேரம் எனக்குப் போதும் சார். டப்பாவை எடுத்துக்கிட்டுக் குறுக்கு வழியில இறங்கினேன். குட்டை வடிஞ்சிருந்துச்சு. இந்தத் தடவை கயிறு கட்டினேன். அந்த ஒரு மூலைக்கு மட்டும், கம்பத்துலருந்து கார்னர் வரைக்கும், அவ்வளவு நேரா என் ஆயுசுல நான் கோடு போட்டதில்ல. கோட்டைச் சரி பண்றது என் வேலைதானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

முளையைப் புடுங்கி ஒளிச்சு வெக்கவும் அவரு வந்தாரு. என்னைப் பாத்து, “நீயும் பாக்கத்தான் வந்தியா?”ன்னாரு. குத்தவெச்சு உக்காந்து, ஒரு கண்ணை மூடி, கோட்டோட ஒரு முனையிலருந்து மறுமுனை வரைக்கும் பாத்தாரு. அப்புறம் அந்தக் கண்ணை மூடி இந்தக் கண்ணால பாத்தாரு. எந்திரிக்கல. “நேராத்தான் இருக்கு உத்திரியம். எனக்குத்தான் வளைஞ்சு தெரிஞ்சிருக்கு”ன்னாரு. அப்ப நான் வாயைத் திறந்திருக்கணும். கிரவுண்டுல நாங்க ரெண்டு பேருதான். அடிக்க ஒருத்தன் இல்ல. திட்டக்கூட ஒருத்தன் இல்ல. நான் டப்பாவை முதுகுக்குப் பின்னால புடிச்சுக்கிட்டு நின்னேன்.

அன்னைக்கே மானேஜர் ஆபீசுக்குப் போயிட்டாரு. வேன் சாவியை மேசை மேல வெச்சு, “என் கண்ணு சரியில்ல துரை, பிள்ளைங்க உசுரு, டாக்டர் பாத்துச் சொல்ற வரைக்கும் ஓட்ட மாட்டேன்”னுட்டாரு. யாரும் கேக்கல, அவராப் போய்க் குடுத்தாரு. இன்னும் நாலு வருசம் சர்வீஸ் இருக்கு. டாக்டர் கண்ணு குறைன்னு எழுதிட்டா, எஸ்டேட்ல திரும்ப சாவி தர மாட்டாங்க. ஆபீஸ் கேட்டுல ஸ்டூல் போட்டு உக்கார வெச்சுருவாங்க. அவரு வண்டிய எடுக்குறப்ப ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடுற ஆளு சார்.

அதைவிட ஒண்ணு பண்ணினாரு. அந்த ஞாயித்துக்கிழமை மதினியையும் கூட்டிக்கிட்டு டிவிஷன்ல வீடு வீடாப் போனாரு. “என் கண்ணால உங்க கோப்பை போச்சு, மனசுல வெச்சுக்காதீங்க.” ஐம்பத்தெட்டு வீடு. அருள்தாஸ் இவரு மகன் வயசு, அவன்கிட்டயும் கையெடுத்துக் கும்பிட்டாரு. சில வீட்டுல கதவைத் திறக்கல. எங்க வீட்டுக்குக் கடைசியா வந்தாரு. “உன் கோட்டுக்கும் நான் கெட்ட பேரு வாங்கிக் குடுத்திருப்பேன் தம்பி, கடையில அத்தனை பேரு முன்னால உன்னையே சந்தேகமாக் கேட்டுட்டேன்”ன்னு என் கையப் புடிச்சாரு. காப்பி குடுத்தேன். சர்க்கரை போதுமாண்ணேன்னு கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கத் தோணல. என் பொண்டாட்டி அடுப்படியில நின்னு அழுதுச்சு, அவளுக்கு விசயம் தெரியாது, தெரியாமலே அழுதுச்சு.

அதான் ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். ஏதாவது செய்யணும்ல? மதினி என்னைக் கும்பிட்டுருச்சு சார். “உன்னை மாதிரி ஒருத்தன் போதும்யா”ன்னுச்சு.

நான் என்ன நினைக்கிறேன்னு சொல்லவா? நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. டாக்டர் பாத்துட்டு, கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாருன்னா? இவரு என்ன நினைப்பாரு? கண்ணுல குறை இல்ல, அப்ப மனசுலதான் குறை, நம்மையறியாம நம்ம டிவிஷனுக்கே துரோகம் பண்ணிட்டோம்னு நினைப்பாரு. அது அவரைத் தின்னுரும். அதுக்குப் பதிலா ஒரு சின்னக் குறை இருந்துட்டா, சும்மா ஒரு மெல்லிசுக் கண்ணாடி எழுதிக் குடுத்துட்டா, எல்லாருக்கும் ஒரு காரணம் கிடைச்சுரும்ல? ஊரும் பாவம்னு விட்டுரும். காலையில மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தி அதைத்தான் கேட்டேன். மனுசனுக்குக் கண்ணு கெட்டுப் போகணும்னு வேண்டினேன் சார். வேண்டிட்டு வெளிய வந்து செருப்பை மாட்டும்போதுதான், நாம என்ன கேட்டோம்னு உறைச்சுச்சு. திரும்ப உள்ள போய் வேண்டுதலை மாத்தணும்னு நினைச்சேன், பஸ் ஹாரன் அடிச்சுருச்சு.

என்ன சார், வண்டி நின்னுருச்சு? ஓ, எதிர்ல லாரி ஏறுது. வளைவுல ரெண்டும் திரும்பாது, அது ஏறினதும் நாம போவோம். இருங்க, அண்ணன் கூப்புடுறாரு.

“என்னண்ணே?... எந்தப் போர்டு?... கீழ்வளைவுல, பச்சைப் போர்டா?... ஆமா, தெரியுது... பதினொண்ணா? இல்லண்ணே. ஆழியாறு பதினேழுன்னு போட்டிருக்கு. பதினேழு. விடுங்கண்ணே, வெயில் கூசுது, அதான். டாக்டர் பாத்துக்குவாரு.”

பாத்தீங்களா, எப்படி உக்காந்துட்டாரு. மதினி முதுகைத் தடவுது. அதுக்குப் படிக்கத் தெரியாது.

நீங்களும் போர்டைப் பாத்தீங்கள்ல சார். பாத்துட்டீங்க. எனக்குத் தெரியுது, உங்க மூஞ்சியிலயே தெரியுது. பதினொண்ணுதான் போட்டிருக்கு, பதினேழுன்னு என் வாயில தானா வந்துருச்சு. நான் நினைச்சுச் சொல்லல. ஒரு சின்னக் குறைன்னு அவருக்கே முதல்ல தோணிட்டா, டாக்டர் சொல்லும்போது அதிர்ச்சியா இருக்காதுன்னு... இல்ல சார். இல்ல. நான் ஒரு கேடு கெட்டவன், அதான் விசயம்.

ஏன் எந்திரிக்கிறீங்க? சார், உங்களுக்கு எறங்குற இடம் இது இல்லையே. பையைக் கையில எடுத்துட்டீங்க. சார், வேண்டாம், உக்காருங்க, உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன். மதினி முன்னால வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய் நானே... பொள்ளாச்சி வந்ததும் நானே சொல்லிருவேன், சத்தியமா.

அப்படிப் பாக்காதீங்க சார்.

சரி, விடுங்க, வழி விடுறேன். மேல கம்பியைப் புடிச்சுக்கிட்டுப் போங்க, வண்டி எடுத்துட்டான், வளைவு வருது. நான் பின்னாலயே வர்றேன்.